மாமியும் நானும் கழற்றிய சைலன்சர்

காரின் அடியிலிருந்து சைலன்சர் கழன்று வந்தபோது மாமி அதை நிலத்தில் விழ விடவில்லை. குழாயின் நடுப்பகுதியை இரண்டு கைகளாலும் அணைத்து, நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். துரு அவருடைய சட்டையெல்லாம் அப்பிக்கொண்டது. அதை அவர் கவனிக்கவே இல்லை. கடலிலிருந்து அப்போதுதான் இறக்கிய பெரிய சீலா மீனைத் தூக்கிக் காட்டுவதுபோல அந்தக் குழாயை உயர்த்திப் பிடித்து, மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சனத்தைப் பார்த்து, "ஆருக்கு வேணும்? கேளுங்கோ, கேளுங்கோ! இப்பதான் பிடிச்சது!" என்று கூவினார். மதிலுக்கு அப்பாலிருந்து யாரோ ஒரு விலை கேட்டார்கள். "அந்த விலைக்கு வாலும் வராது!" என்று மாமி திருப்பிக் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். காரின் அடியில் மல்லாந்து கிடந்த நானும், கண்ணுக்குள் துருத்தூள் விழ விழச் சிரித்தேன். மருமகளாக வந்து ஒரே வீட்டில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்த பிறகு, நானும் மாமியும் சேர்ந்து சிரித்த முதல் தடவை அதுதான்.

நான் உடுப்பிட்டிப் பெண். அப்பா பாடசாலை அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் கணக்காளராக வருவேன் என்று அவர் எண்ணியிருக்க, நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் வாகனத் துறையைப் படித்து, யாழ்ப்பாணப் பட்டினத்தில் கார் திருத்தும் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அதையே அப்பாவால் செரிக்க முடியவில்லை. அங்கேதான் ஒருநாள், இரண்டு இருக்கைகள் மட்டுமுள்ள ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் பெரிய உறுமலோடு வாசலில் வந்து நின்றது. கப்பலில் எஞ்சின் பகுதியில் வேலை செய்கிற குருநகர்க்காரர் ஒருவர் அதிலிருந்து இறங்கினார். இப்படி மாற்றம் செய்த வாகனங்களைத் தொடுவதில்லை என்பது எங்கள் முகாமையாளர் வைத்த விதி. அவர் முடியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் மட்டும் காரைச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டு நின்றேன். காரை முதலில் பார்த்தேனா, அவரை முதலில் பார்த்தேனா என்று பின்னாளில் என் கணவர் அடிக்கடி கேட்பார். நான் உண்மையைச் சொல்வதில்லை.

பதிவுத் திருமணந்தான் செய்துகொண்டோம். குருநகர், வேதக்காரர், கடல் தொழில் என்று அப்பா எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "உனக்கு நாங்கள் என்ன குறை வைச்சனாங்கள்?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. இந்தப் பக்கம் மாமிக்கும் மனக்குறைதான். மகன் தேவாலயத்தில், ஊர் கூடி நிற்க, தாலி கட்டுவான் என்று எத்தனையோ வருடமாக எண்ணியிருந்தவர். நான் பையோடு வாசலில் வந்து நின்ற அன்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வந்திட்டாய். இரு" என்றார். அவ்வளவுதான். மாமா கடலோடு போய் நெடுநாள் ஆகியிருந்தது. மூத்த மகள் பிரான்ஸில். மாமி விடிய முன் எழுந்து சந்தைக்குப் போய் மீன் விற்று, மத்தியானம் வந்து சமைத்து, எனக்குரிய சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார். என்னை அவர் பட்டினி போடவில்லை, ஏசவில்லை. கதைக்கவும் இல்லை.

அந்தக் கார் ஜப்பானில் செய்த பழைய கார். உயரம் என் இடுப்பளவு. துணிக்கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். கொழும்பில் அதை முதல் வைத்திருந்தவருக்குச் சத்தத்தில் ஆசை போலும். கம்பனி போட்ட சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, காரின் நடுவிலிருந்து பின்பக்கம்வரை சைலன்சர் என்ற பெயரில் ஒரு வெறுங்குழாயை இழுத்துவிட்டிருந்தார். என் கணவர் அதைக் கிளப்பினால் தேவாலயக் கூரையில் இருக்கிற புறாக்கள் எல்லாம் ஒன்றாக எழும்பும். பூசை நேரத்தில் ஒருமுறை அது வீதியால் போனபோது, பங்குச்சுவாமி பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, சத்தம் தேய்ந்து போகும்வரை கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாராம். பிறகு கடற்கரை வீதியில் போக்குவரத்துப் பொலிஸ்காரர் மறித்து, சத்தத்தைக் குறைக்காமல் இனி இதை வீதியில் இறக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கணவர் காருக்கு ஒரு படங்கை இழுத்து மூடிவிட்டுக் கப்பலுக்குப் போய்விட்டார். அந்தப் பருவம் முழுவதும் தென்மேற்கிலிருந்து வீசிய சோளகக் காற்று உப்பைக் கொண்டுவந்து அந்தப் படங்குக்குள் திணித்தது.

அப்படி இருக்கும்போதுதான் தங்கச்சி தொலைபேசியில் அழைத்தாள். அவளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது; முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழிக்கும் சடங்கு வரவிருந்தது.

"அக்கா, துடக்குக் கழிவுக்கு நீ கட்டாயம் வரவேணும்."

"அப்பா?"

"நான் அப்பாட்டைச் சொன்னனான், அக்காவைக் கூப்பிடப்போறன் எண்டு. பேப்பரை மடிச்சு வைச்சுப்போட்டு எழும்பிப் போனவர். வேண்டாம் எண்டு சொல்லேல்லை."

நான் குசினி வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தேன். மாமி உள்ளே மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் தொலைபேசியை வைத்ததும் கத்தியின் சத்தம் நின்றது.

"எப்பிடிப் போவாய்?" என்று கேட்டார்.

"பஸ்ஸிலை."

"கலியாணம் முடிச்சு முதன்முதல் தாய் வீட்டை போறவள் பஸ்ஸிலை தொங்கிக்கொண்டு போறதோ? வாசல்லை கார் நிக்குது."

"அதை றோட்டிலை இறக்கேலாது, மாமி. அந்தச் சத்தத்தோடை போனால் பிள்ளை பயந்து அழும்."

"நீ கார் திருத்துறவள்தானே? திருத்து." கத்தி மறுபடி ஓடத் தொடங்கியது. பிறகு, போகிற போக்கில் சொல்வதுபோல, "ரெண்டு சீற்றெல்லோ கிடக்கு? நானும் வாறன்" என்றார்.

அன்றைக்கே கணவருக்குச் செய்தி அனுப்பினேன்: உங்கள் காரின் சைலன்சரைக் கழற்றப்போகிறேன். கப்பல் ஏதோ துறைமுகத்தில் நின்றிருக்க வேண்டும், உடனே பதில் வந்தது: அம்மாட்டைக் கேள். அம்மாதான் சொல்லுறா என்று எழுதினேன். பிறகு வந்தது: அப்ப என்னை ஏன் கேக்கிறாய்?

ஞாயிறு பூசை முடிந்ததும் தொடங்கினோம். முதல் வில்லங்கம் மணல். எங்கள் வளவு முழுவதும் கடற்கரை மணல். ஜாக்கை வைத்தால் அது மணலுக்குள் இறங்கியது. பலகையை வைத்து அதற்கு மேல் ஜாக்கை வைத்தால் பலகை சரிந்தது. இப்படிச் சரிகிற காருக்குக் கீழே போய்ப் படுக்க எனக்குத் துணிவில்லை. மாமி கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு படலையைத் திறந்துகொண்டு கடற்கரைப் பக்கம் போனார். திரும்பி வரும்போது அவருக்குப் பின்னால், கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஆட்கள் சாரத்தை மடித்துக் கட்டியபடி வந்தார்கள்.

"படகு ஏத்திற மாதிரித்தான். முதல் பின்பக்கம்," என்றார் மாமி.

அவர்கள் காரைச் சுற்றி நின்று, விளிம்பைப் பிடித்து, படகு ஏற்றும்போது போடுகிற அதே குரலைப் போட்டார்கள். ஒருவர் முதல் அடி கொடுக்க மற்றவர்கள் ஏற்றுச் சொன்னார்கள். கார் எழுந்தது. என் வாழ்நாளில் எத்தனையோ கார்களை இயந்திரத்தால் உயர்த்தியிருக்கிறேன், மனிதக் குரலில் ஒரு கார் எழுந்ததை அன்றுதான் கண்டேன். மாமியும் நானும் ஓடி ஓடிப் பலகைகளைப் பரப்பி, அவற்றின் மேல் பனங்குற்றிகளை உருட்டி வைத்தோம். பிறகு முன்பக்கம். கடைசியில் எல்லோருமாகக் காரைப் பிடித்துக் குலுக்கிப் பார்த்தார்கள். அது அசையவில்லை. "இனிப் புயல் அடிச்சாலும் நிக்கும். பயப்படாமல் உள்ளை போ, பிள்ளை" என்றார் ஒருவர்.

எஞ்சினிலிருந்து வருகிற முன்பகுதியை நான் தொட நினைக்கவில்லை. காரின் நடுவில் இரண்டு குழாய்கள் சந்திக்கிற இடத்தில் போல்ட்டுகள் இருந்தன. அங்கிருந்து பின்னால் உள்ளதெல்லாம் வெளியே வரவேண்டும். ஆனால் உப்பு தன் வேலையைச் செய்திருந்தது. நட்டும் போல்ட்டும் ஒன்றாகி, எது எது என்று தெரியாத துருக்கட்டிகளாக இருந்தன. எண்ணெய் விட்டு ஊறவைத்தோம். அடுத்த நாள் வேலையால் வந்து மறுபடி எண்ணெய் விட்டேன். காஸ் சுவாலையால் சூடாக்கினேன். ஸ்பானர் பிடிக்கவில்லை, நட்டின் முனைகள் மழுங்கின. மாமி தினமும் சந்தையால் வந்ததும் முதலில் காருக்குக் கீழே குனிந்து பார்ப்பார். "இளகினதோ?" என்பார். அவர் கேட்கிற விதத்தில், படுக்கையில் கிடக்கிற நோயாளியை விசாரிப்பது போன்ற கரிசனை இருந்தது. வீட்டுக்குள் பேச ஒன்றுமில்லாமல் இருந்த எங்களுக்கு, அந்தத் துருப்பிடித்த நட்டுகளைப் பற்றிக் கதைக்க எவ்வளவோ இருந்தது.

கடைசியில் ஸ்பானருக்கு ஒரு நீண்ட இரும்புக் குழாயைக் கோர்த்தோம். நான் கீழே கிடந்து ஸ்பானரை நட்டில் அழுத்திப் பிடிக்க, மாமி வெளியே குந்தியிருந்து குழாயை இழுத்தார். முதலாவது போல்ட் வெடி வைத்ததுபோல உடைந்தது. நான் பதறிப்போனேன். "ஒண்டு போச்சு! அடுத்தது எங்கை?" என்றது மாமியின் குரல். எல்லாப் போல்ட்டுகளும் உடைந்துதான் வந்தன. குழாயைத் தாங்கிப் பிடித்திருந்த ரப்பர் வளையங்களைச் சவர்க்காரத் தண்ணீர் பூசி ஒவ்வொன்றாக நெம்பிவிட்டேன். கடைசி வளையம் விட்டதும்தான் மாமி அதை அணைத்துப் பிடித்து, மதிலடியில் கூடியிருந்தவர்களுக்கு ஏலம் கூறினார்.

புதிய சைலன்சர் வாங்க இங்கே கடை இல்லை. பட்டினத்தில் பழைய வாகனச் சாமான்கள் விற்கிற முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருக்கிறார்; எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு திரும்பி வந்து, தகப்பன் வைத்திருந்த அதே இடத்தில் கடையை மறுபடி திறந்தவர். மாமியும் என்னோடு வந்தார். மலைபோலக் குவிந்திருந்த இரும்புக்குள் நான் குழாயின் வாயளவை அளந்துகொண்டு ஏறி இறங்க, மாமியும் நானாவும் பழைய சந்தையைப் பற்றி, அந்தக் காலத்தில் எந்தப் பக்கம் மீன் விற்றது, எந்தப் பக்கம் தையல்கடை இருந்தது என்று கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். சாதாரணக் குடும்பக் கார் ஒன்றிலிருந்து கழற்றிய, துருப்படாத சைலன்சர் ஒன்று எனக்குக் கிடைத்தது. நானா அதைத் துடைத்துத் தந்து, "ஸ்போர்ட்ஸ் காருக்கு இது அடக்கம் கூடினது, மகள். பார்த்துச் செய்யுங்கோ" என்றார்.

அவர் சொன்னது சரிதான். படகு திருத்தும் கொட்டிலில் வெல்டிங் மெஷினை இரவல் வாங்கினோம். காரில் பொருத்திப் பார்த்துச் சோக்கட்டியால் குறித்துக்கொண்டு, கழற்றி வெளியே கொண்டுவந்து ஒட்டி, மறுபடி பொருத்திப் பார்ப்பேன். "போட்டுப் போட்டுக் கழட்டுறாய், தையல்காரி மாதிரி" என்று மாமி பகிடி பண்ணினார். எல்லாம் முடிந்து எஞ்சினைக் கிளப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. மாமி காருக்குப் பின்னால் நின்று, "கிளப்பு, பிள்ளை!" என்றார்.

"கிளப்பிட்டன், மாமி."

அவர் குனிந்து குழாயின் வாயில் காதை வைத்தார். நிமிர்ந்தபோது அவருடைய முகம் விழுந்துபோயிருந்தது. "உதென்ன, பூனை மூச்சு விடுற மாதிரி? இதுக்கோ இவ்வளவு பாடுபட்டனாங்கள்?"

எனக்கும் அதே ஏமாற்றம். சத்தம் மட்டுமல்ல, காலை அழுத்தினால் எஞ்சின் மூச்சு முட்டுவதுபோலத் திணறியது. புகை வெளியேற இடம் போதவில்லை. சட்டப்படி எல்லாம் சரி. அப்படியே உடுப்பிட்டிக்கு ஓட்டிப் போயிருக்கலாம். ஆனால் மாமி விடவில்லை. "பொலிசுக்கும் சுவாமிக்கும் வில்லங்கம் இல்லாமல், ஆனால் இது இன்ன கார் எண்டு கேக்கிறவைக்கு விளங்கோணும். அப்பிடிச் செய்யேலாதோ?" என்று கேட்டார்.

செய்யலாம் என்று எனக்குத் தெரியும். வகுப்பில் படித்திருக்கிறேன், கையால் செய்ததில்லை. சைலன்சர் பெட்டியின் ஒரு பக்கத்தை அறுத்துத் திறந்து, உள்ளே இருக்கிற தடுப்புகளை எடுத்துவிட்டு, நிறையத் துளை போட்ட குழாய் ஒன்றை நேராக வைக்கவேண்டும். குழாயைச் சுற்றிச் சூடு தாங்குகிற கண்ணாடிநாரை இறுக்கி அடைத்து, பெட்டியை மூடி ஒட்டவேண்டும். புகை தடையில்லாமல் நேராகப் போகும், துளைகளால் போகிற சத்தத்தை நார் குடித்துவிடும். கண்ணாடிநாருக்கு எங்கே போவது என்று நான் யோசிக்க, "படகுக்கு ஒட்டுற ஃபைபரோ?" என்று மாமி கேட்டார். நான் அவரைப் பார்த்தேன். குருநகரில், கண்ணாடிநார்ப் படகுகள் திருத்துகிற கொட்டிலுக்கு நூறடி தள்ளி இருந்துகொண்டு, நான் கண்ணாடிநார் தேடிக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

அந்தப் பின்னேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு பேரும் முழுக்கைச் சட்டை போட்டு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டி, கையுறை மாட்டிக்கொண்டு வேம்பு நிழலில் இருந்தோம். நான் துளை போட்ட குழாயைப் பிடித்திருக்க, மாமி நாரைச் சுற்றிச் சுற்றி வந்தார். திடீரென்று கேட்டார்:

"கொப்பர் உன்னோடை கதைக்காதது என்னாலையோ?"

"என்னாலை, மாமி."

"நான் சந்தையிலை குந்தியிருந்து மீன் விக்கிறவள். அதாலை இல்லையோ?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "அதுவும்தான்" என்றேன்.

அவர் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினார். "நான் உன்னோடை கதைக்காதது ஏனெண்டு நீ கேக்கேல்லையே?"

"கோயில்லை தாலி கட்டேல்லை எண்டு."

"அதுவும்தான்," என்றார், என்னைப் போலவே. பிறகு, "அவன் கப்பலாலை இறங்கினால் முதல் என்னட்டை வாறவன். போன முறை நேரை உன்ரை வேலையிடத்துக்கு வந்து, உன்னையும் ஏத்திக்கொண்டு இஞ்சை வந்தவன்" என்றார்.

துணிக்கு மேலால் அவருடைய கண்கள் மட்டும் தெரிந்தன. "இனி முதல் உங்களிட்டை வரச் சொல்லுறன், மாமி" என்றேன்.

"சொல்லாதை. ஆரும் சொல்லி வாற வரத்து எனக்கு வேண்டாம். நாரை இறுக்கி அமத்து, அந்தப் பக்கம் பொங்குது."

நான் அழுத்தினேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் மறைக்க ஒன்றும் இருக்கவில்லை. பெட்டியை மூடி நான் ஒட்டும்போது, மாமி நனைத்த சாக்கோடும் தண்ணீர் வாளியோடும் பக்கத்தில் காவல் நின்றார்.

இரண்டாம் முறை கிளப்பியபோது முதலில் வந்தது புகை. வெள்ளைப் புகை, கரிந்த மணத்தோடு, மதிலுக்கு மேலால் பொங்கிப் போனது. "கார் பத்துது! கார் பத்துது!" என்று யாரோ கத்த, பக்கத்து வீடுகளிலிருந்து வாளிகளோடு ஓடி வந்தார்கள். நாரில் இருக்கிற பசை எரிந்து போகும்வரை புகைக்கும் என்று எனக்குத் தெரியும். "தண்ணி ஊத்தாதேங்கோ! பசை எரியுது, விடுங்கோ!" என்று நான் கத்தினேன். மாமி காருக்கு முன்னால் போய்க் கைகளை விரித்து நின்றுகொண்டார். "அவள் சொல்லுறாளெல்லோ! அவளுக்குத் தெரியும்!" என்றார். என் வேலையைப் பற்றி என் வாழ்நாளில் ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல்.

புகை மெலிந்தது. பிறகு அந்தக் குரல் கேட்டது. முன்பு இருந்த அலறலும் இல்லை, பூனை மூச்சும் இல்லை. அடித்தொண்டையால் மெல்லப் பாடுவது போன்ற, வட்டமான, கனமான ஒரு சத்தம். காலை அழுத்தினால் அது தடையில்லாமல் எழுந்து, விட்டால் சிணுங்கிக்கொண்டு இறங்கியது. மாமி ஓடிப்போய்க் குழாயின் வாய்க்கு நேரே உள்ளங்கையை நீட்டி, அதன் அடிப்பைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார். "கொஞ்சம் அமத்து," என்றார். காலை அழுத்தினேன். "இன்னும்!" அவருடைய முழு முகமும் சிரித்தது. புகையைக் கண்டு வந்த பங்குச்சுவாமியும் ஒருபக்கம் நின்று கேட்டுவிட்டு, "இது பூசையைக் குழப்பாது" என்று சொல்லி, தீர்த்தத் தண்ணீர் எடுப்பித்துக் காரையும் என்னையும் சேர்த்துத் தெளித்தார்.

இப்போது மாமி பிரான்ஸில் மூத்த மகளோடு இருக்கிறார். வீட்டுக்கு முன்னால் மின்சாரக் கார்கள் ஓடுகிறதாம். "ஒண்டுக்கும் குரல் இல்லை, பிள்ளை. முதுகுக்குப் பின்னாலை வந்து நிண்டாலும் தெரியாது" என்று தொலைபேசியில் குறைப்படுவார். எனக்கும் இங்கே வேலையிடத்தில் அமைதியான கார்கள்தான் கூடக்கூட வருகின்றன. அவை நல்ல கார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு எஞ்சினின் குரலைக் கேட்டு இருவர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த அந்த நொடி, அவற்றுக்குள் எங்கே இருக்கும் என்று நான் தேடுவதுண்டு.

அந்தத் துடக்குக் கழிவு அன்று காலை மாமி பட்டுச்சேலை உடுத்து, தலைக்கு மேலால் ஒரு துவாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "மீன், மச்சம் ஒண்டும் கொண்டுபோகேலாது என்ன?" என்று கேட்டார். மரக்கறிச் சாப்பாடு என்று சொன்னேன். வெறுங்கையோடு போக மனமில்லாமல், பெட்டி நிறையக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வாங்கி வைத்திருந்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு ஏறி இருந்தார். கூரையை மடித்துவிட்டோம். கோப்பாய் கடந்து கொஞ்சத் தூரத்தில் பொலிஸ்காரர் கையைக் காட்டி மறித்தார். அவர் காரைச் சுற்றி வந்தார், எஞ்சினை ஒருமுறை உயர்த்தச் சொன்னார், தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டு போகச் சொன்னார். மாமி அவருக்கு ஒரு மாம்பழம் நீட்டினார். அவர் வேண்டாம் என்றார். "கைலஞ்சம் இல்லை, தம்பி, சந்தோசத்துக்கு" என்று சொல்லியும் எடுக்கவில்லை.

வல்லை வெளியில் வீடும் இல்லை, மரமும் இல்லை. இரண்டு பக்கமும் உப்புநீரும் வானமும், நடுவில் நேரான வீதி. காற்று எங்களைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. "அமத்து, பிள்ளை, அமத்து!" என்று மாமி கத்தினார். நான் அழுத்தினேன். காரின் குரல் எங்களுக்குப் பின்னால் விரிந்துகொண்டே வந்தது. மாமி மாம்பழப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வாய் திறந்து, சின்னப்பிள்ளை போல ஓவென்று கத்திக்கொண்டு வந்தார். நானும் கத்தினேன். உடுப்பிட்டிக்குள் திரும்பும்போதுதான் இருவரும் வாயை மூடினோம்.

வீட்டு வாசலில் சனம் நின்றது. கார் வந்து நின்றதும் எல்லோரும் திரும்பினார்கள். அப்பா வெள்ளை வேட்டி சால்வையோடு கேற்றடியில் நின்றார். எஞ்சினை நிறுத்தாமலே நான் இறங்கினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்தார். வாங்கோ என்ற ஒரு சொல்லுக்காக நானும் மாமியும் வீதியில் நின்றோம். அந்த நேரம் எனக்கு நீண்டு நீண்டு போனது.

மாமிதான் முதலில் வாய் திறந்தார். "ஐயா, நிப்பாட்ட முந்தி ஒருக்கா இதின்ரை குரலைக் கேளுங்கோ. உங்கடை மகள் தன்ரை கையாலை செய்தது."

அப்பா கொஞ்சம் தயங்கினார். பிறகு கேற்றைத் தாண்டி வந்தார். காரின் பின்னால் போய் நின்று கேட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு கையை மண்ணில் ஊன்றி, மற்றக் கையால் கரி படிந்த பின்விளிம்பைப் பிடித்துக்கொண்டு காருக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

"இது ஆர் ஒட்டினது?"

"நான், அப்பா."

"நீயே வெட்டினனீ?"

"ஓம். மாமி பிடிச்சவா."

"உள்ளுக்கு என்ன கிடக்கு?"

அதற்கு மாமி மறுமொழி சொன்னார்: "உள்ளுக்கு எங்கடை படகின்ரை ஃபைபர், ஐயா."

அப்பா எழுந்து கையைத் தட்டினார். கையில் கரி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மாமியின் பக்கம் திரும்பி, "வெயிலுக்குள்ளை நிக்கிறியள். உள்ளுக்கு வாங்கோ" என்றார்.

எல்லாம் ஒரு சொல்லில் சரியாகிவிடவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் மாமி இருந்ததும், அவருக்குப் பக்கத்தில் இருந்த உறவுக்காரி ஒருவர் ஏதோ சாட்டுச் சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டார். மாமி இலையைப் பார்த்தபடி இருந்தார். பரிமாறிக்கொண்டு நின்ற அம்மா அதைக் கண்டார். கையிலிருந்த வாளியைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு வந்து, அந்த வெற்றிடத்தில் அமர்ந்து, தனக்கு ஒரு இலையைப் போட்டு, "பருப்பு இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்று மாமியைக் கேட்டார்.

சாப்பிட்டு முடிந்து நான் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து நின்றார். "அதை ஒருக்கா ஓட்டிக் காட்டு," என்றார். மாமி இருந்து வந்த இருக்கையில் அப்பா ஏறினார். மறுபடி வல்லை வெளிக்குப் போனோம். கொஞ்சத் தூரம் போனதும் அப்பா கேட்டார்:

"வேலை கஷ்டமோ?"

"இல்லை, அப்பா. விருப்பம்."

அவர் முன்னால் நீண்டு கிடந்த வீதியைப் பார்த்தார். "அப்ப, அமத்து," என்றார்.

அழுத்தினேன். அடுத்த நொடி அப்பாவின் சால்வை கழுத்திலிருந்து எழும்பி, ஒரு கொக்கைப் போல வெளிக்குள் பறந்தது. நான் காரை நிறுத்த, என் அப்பா, அதிபராக நிமிர்ந்து நடந்து மட்டுமே நான் கண்ட மனிதர், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உவர் நிலத்தில் அந்தச் சால்வைக்குப் பின்னால் ஓடினார். அதைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தார். "திருப்பு. இன்னொருக்கா ஓடுவம்," என்றார்.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது வந்தவர்கள் எல்லோரும் போயிருந்தார்கள். மாமி விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். தங்கச்சியின் பிள்ளை அவருடைய மார்பில் கிடந்தது. பக்கத்தில் அம்மா மாம்பழம் வெட்டிக்கொண்டிருந்தார். அப்பாவின் தலைமயிர் நாலு பக்கமும் எழும்பி நின்றது. காதுக்குள் இன்னும் காற்று அடைத்திருந்தது போல, வளவு முழுவதும் கேட்கிற குரலில், "சம்பந்தி! உங்கடை சீற்றை நான் பிடிச்சுப்போட்டன், குறை நினைக்காதேங்கோ!" என்று சொல்லிக்கொண்டு படியேறினார்.

மாமி உதட்டில் விரலை வைத்தார். "மெல்லமாக் கதையுங்கோ, சம்பந்தி," என்றார். "பிள்ளை நித்திரை."

அப்பா அப்படியே நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கால்விரல் நுனியில் நடந்து போய், மாமிக்குப் பக்கத்தில் இருந்த கதிரையில் சத்தமில்லாமல் இருந்தார்.